பதினேழாம் பெட்டுக்குப் போன தட்டு

3 பிப்ரவரி, திங்கள்

இன்னைக்கும் தட்டுக் கணக்கு போடற கம்ப்யூட்டர் டேப் நின்னு போச்சு. மணி பதினொன்னே முக்கால். எழுபது தட்டு வரிசையா ரெடியா இருக்கு, ஸ்கிரீன்ல வட்டம் சுத்துது, சுத்திக்கினே இருக்குது. கூட வேலை செய்யற உஷா சொல்றா, "அக்கா, அதுக்கு மயக்கம் வந்துடுச்சு, ஒரு எலுமிச்சம்பழ ஜூஸ் குடுங்க." கிச்சனே சிரிச்சுது. ஆனா சாம்பார் ஆறிப்போச்சே, அது சிரிக்கற விஷயமா?

மத்தியானம் செவுத்துல ஒரு பேப்பர் ஒட்டிட்டுப் போனாங்க. ஐ.டி. டிபார்ட்மென்டு. இப்பல்லாம் ஆஸ்பத்திரில எது ஒட்டினாலும் கீழ அவங்க பேருதான். மடத்து சிஸ்டர் பேரும் இல்ல, பெரிய டாக்டர் பேரும் இல்ல. உஷாவுக்கு இங்கிலீஷ் வரும், படிச்சு சொன்னா. சாப்பாட்டு லிஸ்ட் காலைல பத்து மணிக்குப் பூட்டிக்குமாம். அதுக்கப்புறம் மாத்தணும்னா வார்டு நர்ஸு கம்ப்யூட்டர்ல ஐ.டி.க்கு டிக்கெட், அதான் கோரிக்கை, போடணுமாம். அப்புறம் — இதுதான் எனக்கு வயிறு எரியுது — வார்டுல நின்னு நோயாளிகிட்ட பேர் கேக்கக் கூடாதாம். தட்டுக்கு ஒரு நிமிஷம் லேட்டாவுதாம். ஸ்டிக்கர்ல பெட் நம்பர் இருக்குது, அதப் பாத்து வெச்சுட்டு, "குடுத்தாச்சு"ன்னு பட்டன் தட்டிட்டு வந்துடணுமாம்.

இருபத்திரெண்டு வருஷமா இந்த கிச்சன்ல இருக்கேன். சக்கரைக்காரங்களுக்கு வேற, உப்பில்லாதவங்களுக்கு வேற, ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு ஒண்ணுமே கெடையாது. "பேரு என்னம்மா, இன்னைக்கு ஆபரேஷனா, டாக்டர் சாப்பிடச் சொன்னாரா"ன்னு கேட்டு கேட்டுதான் தட்ட வெப்பேன். அந்த ஒரு நிமிஷத்துல எத்தன பேரு அழுது முடிச்சிருக்காங்க. எத்தன பேரு எனக்காக வேண்டிக்குங்கன்னு கையப் புடிச்சிருக்காங்க. அது லேட்டாம்!

சிஸ்டர் டீனாகிட்ட போனேன். ஆஸ்பத்திரி நிர்வாகம் முழுக்க அவங்க கையிலதான். "என்ன பண்றது பவுலின், ஐ.டி. சொல்லிட்டாங்களே"ன்னு சொல்றாங்க. மடத்துல மதர் சொன்னாகூட இவங்க இவ்ளோ சீக்கிரம் கேக்க மாட்டாங்க. ஆண்டவரே மன்னியும், எழுதிட்டேன். அடிச்சு அழிக்க மாட்டேன்.

4 பிப்ரவரி, செவ்வாய்

லாகின் அஞ்சு வேணும்னு ஐ.டி.கிட்ட மறுபடியும் கேட்டேன். அதே பதில். டிபார்ட்மென்டுக்கு ஒண்ணுதான் பாலிசி.

நாங்க கிச்சன்ல அஞ்சு பொம்பளைங்க. லாகின் ஒண்ணே ஒண்ணு, என் பேர்ல. அஞ்சு பேரும் அதுலதான் தட்டறோம், வேற என்ன பண்றது? பாஸ்வேர்டு குழந்தை இயேசு பேரு, பின்னாடி ஒரு நம்பர். மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லும், நான் நம்பர மட்டும் ஒண்ணு ஏத்திடுவேன். இப்ப நாலு. செவுத்துல இருக்கற குழந்தை இயேசு படத்துக்குக் கீழ ஸ்கெட்ச் பேனாவுல எழுதி ஒட்டியிருக்கேன். உஷா விபூதி நெத்தியோட அந்தப் படத்த அண்ணாந்து அண்ணாந்து பாத்து ஒவ்வொரு எழுத்தா தட்டுவா. புதுசா பாக்கறவங்க பக்தின்னு நெனைச்சுக்குவாங்க.

6 பிப்ரவரி, வியாழன்



வியாழன்னா பன்னெண்டு மணிக்கு கோயில்ல குழந்தை இயேசு நவநாள் ஜெபத்துக்குப் போவேன். பதினஞ்சு வருஷமா சிஸ்டர் வாயால குடுத்த பர்மிஷன். கோயில் பத்து நிமிஷ நடை, பன்னெண்டே முக்காலுக்குத் திரும்பிடுவேன். இன்னைக்கும் அப்படித்தான் போனேன். திரும்பி வந்தா ஆண்கள் வார்டே சந்தை மாதிரி இருக்குது. டாக்டர் கத்தறாரு.

முனிராஜ்னு ஒருத்தரு, ஹெர்னியா ஆபரேஷன், ரெண்டு மணிக்கு உள்ள எடுத்துக்கினு போகணும். மனுஷன் சாம்பார் சாதம், பீன்ஸ் பொரியல், மோர், எல்லாம் சாப்பிட்டு வாயத் தொடைச்சுக்கினு ஒக்காந்திருக்காரு. நர்ஸு பிரிஸில்லா பாத்துட்டா, ஆபரேஷன நிறுத்திட்டாங்க. பாக்கலன்னா? நெறைஞ்ச வயித்தோட மயக்க மருந்து குடுத்தா உயிருக்கே ஆபத்து. அய்யோ, யோசிக்கவே முடியல.

காலைல பதினாலாம் பெட்டுல இருந்தவரு. அங்க ஃபேன் ஓடலன்னு பத்தரைக்கு மேல பதினேழுக்கு மாத்தியிருக்காங்க. லிஸ்ட் பத்துக்கே பூட்டிடுச்சு. பதினாலுக்கு சாப்பாடு இல்ல, பதினேழுக்கு உண்டு. தட்டு பதினேழுக்குப் போயிடுச்சு. அவ்ளோதான் நடந்தது. பேரு ஒண்ணு கேட்டிருந்தா போதும்.

7 பிப்ரவரி, வெள்ளி

சிஸ்டர் கூப்ட்டாங்க. மேஜை மேல ஐ.டி. குடுத்த ரிப்போர்ட். பெட் பதினேழு, மணி பன்னெண்டு பதினேழுக்குக் குடுத்தாச்சு. குடுத்தவர்: பவுலின்.

கூடவே ஒரு லெட்டர், அவங்களே டைப் பண்ணி வெச்சிருக்காங்க. என் கவனக்குறைவால தப்பு நடந்துச்சு, மன்னிக்கணும்னு. வர்ற வியாழனுக்குள்ள கையெழுத்து போடணும், இல்லன்னா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களாம்.

"சிஸ்டர், வியாழக்கெழம பன்னெண்டு மணிக்கு நான் எங்க இருப்பேன்னு உங்களுக்கே தெரியுமே."

என் மூஞ்சிய பாக்கல. கம்ப்யூட்டரப் பாத்தாங்க. "ரிப்போர்ட்ல உன் பேருதான வருது பவுலின்"னு சொன்னாங்க.

தெரிஞ்சே சொல்றாங்க! கண்ணால பாத்தத விட்டுட்டு ஸ்கிரீன்ல இருக்கறத நம்பறாங்க. லெட்டர மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கினு வந்துட்டேன்.

8 பிப்ரவரி, சனி

ஈஜிபுரால இருக்கற எங்க வீட்டுக்கு உஷா வந்தா. வாசப்படி ஏறும்போதே அழுகை.

"அக்கா, நான்தான் அந்தத் தட்ட வெச்சேன். ஸ்டிக்கர்ல பதினேழுன்னு இருந்துச்சு, வெச்சுட்டு வந்துட்டேன். திங்கக்கெழம சிஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."

"வாய மூடிக்கினு காப்பியக் குடி."

காண்ட்ராக்ட்ல இருக்கறவ. சொன்ன அன்னைக்கே வெளிய. விசாரணையும் கெடையாது, லெட்டரும் கெடையாது, மறுநாள் வேற ஒருத்தி அவ ஏப்ரன மாட்டிக்கினு நிப்பா. அவ பண்ண தப்பு என்ன? திங்கக்கெழம ஒட்டின பேப்பர்ல இருக்கறபடிதான செஞ்சா!

எங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் கேட்டுக்கினே ஃபேன் ரிப்பேர் பண்ணிக்கினு இருந்தாரு. உஷா போனதும், "போட்டுட்டுப் போயேன் கையெழுத்த. ஒரு பேப்பருதான?"ங்கறாரு.

"நாளைக்கு உங்க பேர்ல ஒரு பேப்பர் வரட்டும். நீங்க ஒயர் போடாத வீட்டுல தீப்புடிச்சுதுன்னு. போடுவீங்களா?"

"எனக்கு எதுக்குடி கம்ப்யூட்டர்?"

"எனக்கு மட்டும் நான் கேட்டேனா?"

ஸ்க்ரூ டிரைவர கீழ வெச்சாரு. 

9 பிப்ரவரி, ஞாயிறு

பூசைல மனசு நிக்கல. கையெழுத்து போட்டா பொய். பத்துக் கட்டளைல எட்டாவது, அடுத்தவனப் பத்தி பொய் சொல்லாதன்னு மட்டுமா சொல்லுது? என்னப் பத்தி நானே பொய் சொன்னா அது பாவம் இல்லையா? உஷா பேரச் சொன்னா அது உண்மை, ஆனா அவ அடுப்பு அணைஞ்சுடும். அந்த உண்மை யாருக்கு வேணும்?

பாஸ்வேர்ட செவுத்துல ஒட்டினது? அது நான். அது மட்டும் என் தப்பு. அதச் சொல்லிடறேன். அதுக்கு மேல ஒரு வார்த்த கெடையாது. குழந்தை இயேசுவே, நீரும்தான் அந்தப் படத்துல இருந்து எல்லாத்தையும் பாத்துக்கினு இருந்தீரு.

10 பிப்ரவரி, திங்கள்

மூணாவது மாடி, ஐ.டி. ரூமு. கண்ணாடிக் கதவு, கார்டு காட்டினாத்தான் தெறக்கும். ஆபரேஷன் தியேட்டருக்குக்கூட இவ்ளோ பந்தோபஸ்து இல்ல. கையால தட்டினேன், தட்டிக்கினே இருந்தேன். சங்கமித்ரான்னு ஒரு பொண்ணு வந்து தெறந்தா. உள்ள ஐஸ் மாதிரி குளிர். முந்தானைய இழுத்துப் போத்திக்கினேன்.

அங்க மேலதிகாரி சீனிவாசராகவன். தங்கமான மனுஷன் மாதிரிதான் பேசறாரு, அதுதான் கஷ்டம்.

"ஒக்காருங்கம்மா. பாருங்க, இதுல என் விருப்பம்னு எதுவும் இல்ல. சிஸ்டம் பொய் சொல்லாது."

"அப்ப பன்னெண்டு பதினேழுக்கு கோயில்ல முட்டி போட்டுக்கினு இருந்தாளே ஒருத்தி, அவ யாரு சார்?"

"உங்க லாகின்ல வேற யாராவது போட்டாங்களா? பேரச் சொல்லுங்க, உங்கள விட்டுடறோம்."

எவ்ளோ சுளுவா கேக்கறாரு! எந்திரிச்சேன்.

"அஞ்சு லாகின் கேட்டேன் சார், ஒரு வருஷமா. நீங்க எப்பயாவது நம்ம கிச்சனப் பாத்திருக்கீங்களா?"

"எனக்கு எல்லாம் டேஷ்போர்டுல தெரியுதும்மா."

டேஷ்போர்டுன்னா அவரு முன்னாடி இருக்கற பெரிய ஸ்கிரீன். பச்சை பச்சையா பொட்டு. ஒவ்வொரு பொட்டும் ஒரு தட்டாம். நான் பாத்தேன். சாம்பார் வாசன இல்ல, பொட்டுதான் இருந்துச்சு. மூலைல அந்தப் பொண்ணு சங்கமித்ரா தலையக் குனிஞ்சுக்கினு இருந்தா. ஆனா காது இங்கதான் இருந்துச்சு.

11 பிப்ரவரி, செவ்வாய்

ரெண்டு விஷயம் தெரிஞ்சுது.

ஒண்ணு. நர்ஸு பிரிஸில்லா அன்னைக்கே பதினொன்னு இருபதுக்கு டிக்கெட் போட்டிருக்கா — பெட் பதினேழு, சாப்பாடு வேணாம்னு. பதில் எப்ப வந்துச்சு தெரியுமா? ரெண்டு நாப்பதுக்கு. "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது." அப்ப அந்த மனுஷன் குட்டித் தூக்கமே போட்டு எந்திரிச்சிருப்பாரு.

ரெண்டு. முனிராஜ் நாளைய ஆபரேஷனுக்கு மறுபடியும் வந்து சேந்திருக்காரு. மெதுவா போயி நின்னேன்.

"ஏன்யா, சாப்பிடாதன்னு நர்ஸு சொல்லிச்சில்ல? ஏன் சாப்ட்ட?"

"சொன்னாங்கம்மா. ஆனா தட்டு வந்துச்சே. மெஷின்ல அடிச்ச ஸ்டிக்கர் வேற இருந்துச்சு. சரி, மேல மாத்திட்டாங்க போலன்னு நெனச்சேன்." அப்புறம் தலைய சொறிஞ்சுக்கினு, "ஊட்டா, சாப்பாடு மட்டும் சூப்பரா இருந்துச்சும்மா."

கோவத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா — நர்ஸு வாயால சொன்னது பெருசா தெரியல, ஸ்டிக்கர் பெருசா தெரிஞ்சிருக்கு. அவருக்கு மட்டுமா? சிஸ்டருக்கும் அப்படித்தான.

12 பிப்ரவரி, புதன்

முனிராஜ் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஸ்தோத்திரம். இன்னைக்கு எழுபது பேர்கிட்டயும் நின்னு பேர் கேட்டேன். லேட்டுன்னா லேட்டு.

13 பிப்ரவரி, வியாழன்

மீட்டிங் சரியா பன்னெண்டு மணிக்கு வெச்சாங்க. நவநாள் நேரம். சரி, இதுவே நவநாள்னு நெனைச்சுக்கினு போனேன். ஜெபமாலைய கைக்குள்ள சுருட்டி வெச்சுக்கினேன்.

சிஸ்டர், சீனிவாசராகவன் சார், லேப்டாப்போட சங்கமித்ரா. பேனாவ என் பக்கம் தள்ளினாங்க. நான் தள்ளி வெச்சேன்.

"பாஸ்வேர்ட எல்லாருக்கும் குடுத்தது நான். அது தப்பு. அதுக்குன்னு ஒரு பேப்பர் எழுதுங்க, இப்பவே கையெழுத்து போடறேன். தட்டு வெச்சது நான் இல்ல. யாருன்னு சொல்ல மாட்டேன். வேலைய விட்டு நிறுத்தினாலும் சொல்ல மாட்டேன்."

சிஸ்டர், "பவுலின், கொஞ்சம் யோசிச்சு பேசு"ன்னாங்க.

"ஆறு நாளா யோசிச்சுட்டுதான் சிஸ்டர் வந்திருக்கேன். ரிப்போர்ட்ல என் பேரக் காட்டினீங்க இல்ல? அதே கம்ப்யூட்டர்ல பதினொன்னு இருபதுக்கு நர்ஸு போட்ட டிக்கெட்டயும் காட்டச் சொல்லுங்க."

சாரு இருமினாரு. "அது வேற டீம் பாக்கறது..."

அவரு முடிக்கல, அந்தப் பொண்ணு லேப்டாப்ப சிஸ்டர் பக்கம் திருப்பிட்டா.  டிக்கெட் இருந்துச்சு. பெட் பதினேழு, சாப்பாடு வேணாம். பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு சிஸ்டரே வாய்விட்டுப் படிச்சாங்க. அவசரம்: சாதாரணம்.

 அப்புறம் சிஸ்டர் அந்த லெட்டர எடுத்து டிராயர்ல போட்டாங்க. கிழிக்கல. போட்டாங்க.

ஆனா சாரு விடல. பாஸ்வேர்ட் குடுத்ததா நானே ஒத்துக்கினேன் இல்ல, அதுக்கு வார்னிங் லெட்டர், லாகின் இன்னைக்கே பிளாக், பாலிசின்னு சொல்லிட்டாரு. வார்னிங்கு நெசம்தான். கையெழுத்து போட்டேன். பேனாவ மூடி திருப்பிக் குடுத்தேன்.

14 பிப்ரவரி, வெள்ளி

எழுதும்போதே சிரிப்பு அடங்கல.

என் லாகின பிளாக் பண்ணிட்டாங்க. கிச்சனுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்! அத யாரும் யோசிக்கல.

காலைல டேப்ப தொட்டா செவப்பு எழுத்து. உஷா, "இப்ப என்னக்கா பண்றது?"ன்னா. "என்ன பண்றது, சோறு போடறது"ன்னேன். டேப்ப அரிசி டின் மேல கவுத்து வெச்சேன். வார்டுல நர்ஸுங்க கையால எழுதிக் குடுத்தாங்க. அஞ்சு பேரும் பேர் கேட்டு கேட்டு வெச்சோம். பன்னெண்டு நாப்பதுக்கு கடைசி தட்டு. ரசம்கூட சூடாத்தான் போச்சு.

ஒரு மணிக்கு சங்கமித்ரா மூச்சு வாங்க ஓடி வர்றா. பின்னாடியே சிஸ்டர்.

"ஆன்ட்டி, டேஷ்போர்டுல ஒரு பொட்டுகூட பச்சை ஆகல. எல்லா டாக்டருக்கும் மெசேஜ் போயிடுச்சு, எழுபது பேஷண்ட்டும் பட்டினின்னு."

"பவுலின், சிஸ்டம்ல யாருமே சாப்பிடலயே!"

"வார்டுல போயி தட்டப் பாருங்க சிஸ்டர். வாசனையாவது புடிங்க."

சிஸ்டர் நெசமாவே போனாங்க. திரும்பி வந்தப்ப மூஞ்சில சிரிப்ப அடக்கறது தெரிஞ்சுது. முனிராஜ் அவங்ககிட்ட இன்னொரு கரண்டி கஞ்சி கேட்டிருக்காரு.

அந்தப் பொண்ணு கெஞ்சறா. "ஆன்ட்டி, உங்க பேர்லயே தற்காலிகமா ஒண்ணு தெறந்து தரேன். எல்லாத்துக்கும் குடுத்தாச்சுன்னு தட்டிடுங்க, ப்ளீஸ்."

"அஞ்சு பேருக்கு அஞ்சு குடும்மா, தட்டறோம். இல்லன்னா உன் சிஸ்டம் பட்டினியாவே கெடக்கட்டும். என் நோயாளிங்க சாப்ட்டாச்சு."

17 பிப்ரவரி, திங்கள்

நாலாவது நாளும் சிஸ்டம்ல பட்டினி. எங்க வீட்டுக்காரரு கேக்கறாரு, "ஏண்டி, இன்னைக்கும் எழுபது பேரக் கொன்னுட்டியா?"

18 பிப்ரவரி, செவ்வாய்

சங்கமித்ரா பதினோரு மணிக்கே வந்தா. தலைல நெட் மாட்டி, கைல உறை மாட்டி, தட்டு லைன்ல நிக்க வெச்சேன். சாம்பார் ஆவில அவ கண்ணாடி மூடிக்கிச்சு. உறை போட்ட கையால டேப்ப தட்டினா, அது நகரல. "இது இங்க வேலையே செய்யலயே ஆன்ட்டி!"ங்கறா. ஒரு வருஷம் கழிச்சு ஒருத்தருக்குத் தெரிஞ்சுது.

வார்டுல பதினோராம் பெட்டுல ஒரு பெரியவரு அவ கையப் புடிச்சுக்கினு பேரன் கதைய ஆரம்பிச்சுட்டாரு. விடவே இல்ல. நின்னு கேட்டா. ஒரு நிமிஷம் இல்ல, நாலு நிமிஷம். 

24 பிப்ரவரி, திங்கள்

அஞ்சு லாகின் வந்துடுச்சு.

உஷா தன் பாஸ்வேர்ட தட்டும்போது கைய வெச்சு மறைக்கறா. "அக்கா, அந்தப் பக்கம் பாருங்க"ங்கறா. எங்கிட்டயே! பாத்தேன் அந்தப் பக்கம். குழந்தை இயேசு படத்துக்குக் கீழ இருந்த பேப்பர நானே கிழிச்சுட்டேன். பசை தடம் மட்டும் இருக்கு.

27 பிப்ரவரி, வியாழன்

புது ஸ்டிக்கர்ல பெட் நம்பருக்கு மேல பேரு இருக்கு. பட்டன் தட்டறதுக்கு முன்னாடி டேப் கேக்குது — "பேர் கேட்டீர்களா?" தமிழ்லயும் கன்னடத்துலயும். லிஸ்ட் பதினொன்னரைக்குத்தான் பூட்டுது. சாப்பாடு வேணாம்னு நர்ஸு போட்டா டிக்கெட் கெடையாது, நேரா கிச்சன்ல மணி அடிக்குது.

செவுத்துல புது பேப்பர். "ஐ.டி. துறையின் புதிய முயற்சி." மூணாவது மாடில கேக் வெட்டினாங்களாம், சீனிவாசராகவன் சார் போட்டோ எடுத்துக்கினாராம். எடுத்துக்கட்டும். சங்கமித்ரா ஒரு துண்டு கேக்க டிஷ்யூல சுத்திக் கொண்டாந்து எங்கிட்ட குடுத்துட்டு ஓடிட்டா. அஞ்சா வெட்டி சாப்ட்டோம்.

என் வார்னிங் லெட்டர் மட்டும் ஃபைல்லயே இருக்கு. சிஸ்டர் இன்னொண்ணும் சொன்னாங்க. இனிமே யாரு எப்ப வெளிய போனாலும் டேப்ல தெரியுமாம். "வியாழக்கெழம பர்மிஷன் இனி வாயால குடுக்க முடியாது பவுலின். என்கிட்ட கேக்காத." அவங்க கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு. மீட்டிங் அன்னைக்கு, டேப் இல்லாம அலைஞ்ச போன வாரம், இன்னைக்கு — மூணு வியாழனா நவநாள் இல்ல.

6 மார்ச், வியாழன்

நேத்து தவக்காலம் தொடங்கற பூசைல நெத்தில பூசின சாம்பல், தண்ணி ஊத்தியும் லேசா இருக்குது.

பன்னெண்டு அடிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம். தட்டெல்லாம் வண்டில ஏறிடுச்சு. என் லாகின்ல போனேன், எனக்கு மட்டும் தெரிஞ்ச பாஸ்வேர்டு. "வெளியே செல்கிறேன்"னு ஒரு பட்டன். தட்டினா காரணம் கேக்குது. உணவு, கழிப்பறை, உடல்நலக் குறைவு, மற்றவை. உஷா எட்டிப் பாத்தா. "அக்கா, கழிப்பறைன்னு போடுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மற்றவைன்னு போட்டா நேரா சீனிவாசராகவன் சார் ஸ்கிரீனுக்குப் போகும்."

தெரியும்டி.

மற்றவைய தட்டினேன். எழுதறதுக்கு ஒரு கட்டம் வந்துச்சு. ஒத்த வெரலால ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி எழுதினேன். கோயில்.

அனுப்புன்னு தட்டிட்டு, ஏப்ரன கழட்டி ஆணில மாட்டினேன். உஷா வண்டியத் தள்ளிக்கினு வார்டுக்குள்ள போறா. மொத பெட்டுலயே அவ கொரலு கேக்குது — "உங்க பேரு என்னங்க?"

நான் கெளம்பிட்டேன்.